தீம் பார்க் போற நாள் சின்னதுகளின்ர நாள்

லீவு விட்ட உடன எங்கட குடும்ப வட்ஸ்அப் குரூப்பில வாற முதல் கேள்வி, பிள்ளையள எங்க கூட்டிக்கொண்டு போறம் எண்டதுதான். காலிமுகத்திடல், விகாரமகாதேவி பார்க், தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை எல்லாம் எங்கட பிள்ளையள் மனப்பாடமாக்கி வச்சிருக்கினம். மோலுக்குள்ள போய் ஏசிக்குள்ள நிண்டு காசு போட்டு ஆடுற காரில ஏத்தி இறக்கிறது எனக்கு மனசுக்குப் பிடிக்கிறேல்ல. அப்ப மிச்சம் இருக்கிறது ஹங்வெல்ல பக்கம் லெஷர் வேர்ல்ட், பண்டாரகமவில பேர்ல் பே மாதிரி வாகனம் பிடிச்சு ஒரு முழு நாள் போய் வாற, தண்ணி விளையாட்டு இருக்கிற பார்க்குகள்தான்.

நான் வெள்ளவத்தையில இருக்கிறன். மூத்தவள் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், சின்னவனுக்கு இன்னும் நாலு வயசு ஆகேல்ல. இந்த ரெண்டு பேரையும், இவரின்ர அம்மாவையும், மச்சாள் குடும்பத்தையும் ஏத்திக்கொண்டு இப்பிடியான இடங்களுக்குப் போய் வந்ததில எனக்கு ஒரு விஷயம் நல்லா விளங்கியிருக்கு, அத எழுதத்தான் வந்தன். சின்னப்பிள்ளையளோட போற நாளை கெடுக்கிறது வெயிலும் இல்ல, சனமும் இல்ல. பெரிய ஆக்கள் எங்கட மனசுக்குள்ள ஓடுற கணக்குதான். இவ்வளவு டிக்கட் காசு குடுத்திருக்கிறம், எல்லாத்திலயும் ஏறோணும், ஒண்டும் மிஸ் பண்ணக் கூடாது எண்டு நாங்க அந்தரப்பட வெளிக்கிட்டா, பிள்ளையின்ர நாள் எங்கட கையால பறிபோகுது.

வோல்ட் டிஸ்னி தன்ர மகள்மார் ரெண்டு பேரையும் லொஸ் ஏஞ்சலஸில இருக்கிற கிரிஃபித் பார்க்குக்கு கூட்டிக்கொண்டு போவாராம். பிள்ளையள் மெரி கோ ரவுண்டில சுத்தேக்க அவர் வாங்கில குந்தியிருந்து கடலை சாப்பிட்டுக்கொண்டு, தாய் தேப்பனும் பிள்ளையளும் சேந்து சந்தோசமா இருக்கிற மாதிரி ஒரு இடம் வேணுமே எண்டு யோசிச்சதா பிறகு அவரே சொல்லியிருக்கிறார். அந்த யோசனைதான் 1955 ஜூலை 17ஆம் தேதி அனஹைமில டிஸ்னிலாண்டா திறந்தது. எனக்கு இந்தக் கதை நல்லாப் பிடிக்கும். ஏனெண்டா அது தொடங்கினது ஏறிச் சுத்துற ரைட்டில இல்ல, வாங்கில குந்தியிருந்து பிள்ளைய பாத்துக்கொண்டிருந்த ஒரு அப்பாவில. இப்ப நாங்க பிள்ளைய பாக்கிறத விட்டிட்டு ரைட்ட எண்ணிக்கொண்டு நிக்கிறம்.

முதல்ல நாளைப் பற்றி சொல்லோணும். போயா எண்ட பௌர்ணமி லீவு நாள், சித்திரை வருசம் முடிஞ்சு வாற சனி ஞாயிறு, இந்த நாட்களில தயவுசெய்து போகாதீங்கோ. முழு இலங்கையும் அங்க நிக்கும். இவர் ஒரு நாள் லீவு போட்டாலும் பரவாயில்ல எண்டு நாங்க கிழமை நாளிலதான் போறது. அதோட ஏப்ரல் முதல் பாதியில சூரியன் இலங்கைக்கு நேர் மேல நிக்கும், ஒவ்வொரு வருசமும் வானிலை ஆக்கள் ரேடியோவில சொல்லுவினம், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நிழல் காலுக்குள்ள வந்திடும். அந்த நேரம் தண்ணிக்குள்ள நிக்கிற பிள்ளைக்கு வெயில் சுடுறதே தெரியாது, பின்னேரம் குளிச்சு உடுப்பு மாத்தேக்கதான் தோள்மூட்டு சிவந்துபோய் தொட விடாது. காலமை கதவு திறக்கிற நேரத்துக்கே போய், பதினொண்டரைக்கு தண்ணியால எடுத்து, நிழலுக்குள்ள சாப்பாடு குடுத்து, ரெண்டரை மூண்டு மணிக்குப் பிறகு திரும்ப விடுறதுதான் நல்லது.

ஏப்ரலிலயும் ஒக்டோபர் நவம்பரிலயும் பின்னேரத்தில இடி மழை வாறது கொழும்பு ஆக்களுக்கு சொல்லித் தரத் தேவையில்ல. இடி ஒண்டு கேட்டாலே பிள்ளைய தண்ணியால வெளிய எடுங்கோ, கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் போகும் வரைக்கும் திரும்ப இறக்காதீங்கோ. மழைக்கு நனையத்தானே வந்தம் எண்டு சில பேர் சொல்லுவினம், மழை பிரச்சினையே இல்ல, மின்னல்தான்.

ஹங்வெல்லைக்கு ஹைலெவல் ரோட்டால நுகேகொடை, மகரகம, ஹோமாகம எல்லாம் தாண்டி 30 கிலோமீற்றர் சொச்சம் போகோணும். 122 பஸ் அந்த வழியாலதான் அவிசாவளைக்குப் போகுது. ஆனா சின்னப்பிள்ளை, ஈர உடுப்பு, அப்பம்மா எல்லாத்தையும் வச்சுக்கொண்டு பஸ் ஏறுறது கஷ்டம், ரெண்டு குடும்பம் சேந்து வான் ஒண்டு பிடிச்சா ஆளுக்கு கன காசு வராது. காலமை ஆறரைக்கு முதல் வெளிக்கிட்டா நுகேகொடை ட்ரஃபிக்கில மாட்டுப்பட வேண்டி வராது.

இனி ரைட்டுகள். வாசலில உயரம் அளக்கிற பலகை ஒண்டு நிக்கும், அதுக்குப் பக்கத்தில எப்பவும் ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கும். பிள்ளை நுனிக்காலில நிக்கும், தாய் தலைமயிர கொஞ்சம் தூக்கி விடுவா, தேப்பன் அங்க நிக்கிற பெடியனிட்ட "மல்லி, ரெண்டு விரலுக்குத்தானே குறையுது, நான் பக்கத்தில இருந்து பிடிக்கிறன்" எண்டு, சிங்களத்தில தம்பி எண்டு கூப்பிட்டு, கெஞ்சுவார். நான் அந்தப் பெடியன்ட பக்கம்தான். அப்பா பக்கத்தில இருந்தா காணும் எண்டு நினைக்கிறதுதான் பெரிய ஆபத்து. மடிக்கு மேல வந்து பூட்டுற கம்பி ரெண்டு பேருக்கும் ஒண்டு எண்டா அது அப்பாவின்ர தொடையில முட்டின உடன நிண்டிடும், பிள்ளையின்ர மடிக்கும் கம்பிக்கும் இடையில ஒரு ஆளே புகுந்து போற மாதிரி இடைவெளி இருக்கும். வண்டி ஒரு வளைவில திரும்பேக்க அந்த இடைவெளியாலதான் பிள்ளை வழுக்கும், அப்ப அப்பாவின்ர கையால பிடிச்சு நிப்பாட்டேலாது. வயசக் கேக்காமல் உயரத்தக் கேக்கிறதும் இதாலதான், கம்பிக்கு பிள்ளையின்ர வயசு தெரியாது, உடம்புதான் தெரியும். பலகை சொல்லுற உயரம் வராட்டி அண்டைக்கு அந்த ரைட் இல்ல, அவ்வளவுதான், அதில பேச்சுக்கு இடமே வைக்காதீங்கோ. வீட்டிலயே சுவரில உயரம் அளந்து, இந்த முறை இதில ஏறேலாது எண்டு முதல் நாள் ராத்திரியே சொல்லிக் கூட்டிக்கொண்டு போனா வாசலில அழுகை குறையும்.

பெரிய பிள்ளை ஏறக்கூடிய ரைட்டில சின்னது ஏறேலாது எண்டு வரேக்க, டிஸ்னி பார்க்குகளில ஒரு ஒழுங்கு இருக்கு. ஒரு ஆள் சின்னப்பிள்ளையோட நிப்பார், மற்றவர் ஏறிட்டு வந்த பிறகு இவர் முழு கியூவிலயும் திரும்ப நிக்காமல் ஏறலாம். எங்கட நாட்டில கிழமை நாளில கியூவே பெரிசா இல்ல, நாங்களே ஆளுக்காள் மாறிக்கொள்ளலாம். முக்கியம் என்னெண்டா, வெளிய நிக்கிற சின்னதுக்கு அந்த நேரம் செய்ய ஏதாவது இருக்கோணும், அக்கா சுத்துறத பாத்து கை காட்டிக்கொண்டு நில் எண்டு சொன்னா ரெண்டு நிமிஷத்துக்கு மேல நிக்காது, பாவம்.

சுத்துற ரைட்டுக்கு முதல் வயிறு நிறைய சோறு குடுக்காதீங்கோ எண்டதையும் சொல்லோணும். உடம்பு சுத்துறது காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்புக்கு ஒரு மாதிரியும் கண்ணுக்கு இன்னொரு மாதிரியும் தெரியேக்கதான் வயித்தப் பிரட்டுது, ரெண்டு வயசுக்கு மேற்பட்ட பிள்ளையளுக்கு இது பெரிய ஆக்கள விட கூட வரும். மூத்தவளுக்கு வானிலயே வாறது, அதால அவளுக்கு காலமை பாணும் வாழைப்பழமும் மட்டும்தான்.

இனி நான் இத எழுதிறதுக்கே காரணமான விஷயத்துக்கு வாறன். ஒரு பார்க்கில சின்னப்பிள்ளையளுக்கெண்டு கணுக்கால் தண்ணி மட்டும் நிக்கிற ஒரு பகுதி, நிலத்தில இருந்து தண்ணி பீச்சுற ஓட்டைகள் வரிசையா இருக்கு. எங்கட சின்னவன் அதில ஒரு ஓட்டைக்கு மேல உள்ளங்கைய வச்சு பொத்தினான். பொத்தின உடன பக்கத்தில இருந்த மற்ற ஓட்டையில தண்ணி கூட உயரமா எழும்பிச்சு. அவன் கைய எடுத்தான், அது இறங்கிச்சு. திரும்ப வச்சான், திரும்ப எழும்பிச்சு. அப்பிடியே குந்தியிருந்து கைய வைக்கிறதும் எடுக்கிறதும், ஒவ்வொரு தரமும் தலைய திருப்பி மற்ற ஓட்டைய பாக்கிறதும். பிறகு ஒரு கையால ஒண்டையும் மற்றக் கையால இன்னொண்டையும் பொத்தி, மூண்டாவது ஓட்டைக்கு காலை நீட்டினான், எட்டேல்ல. பக்கத்தில நிண்ட ஒரு சிங்களப் பிள்ளை, இவன விட கொஞ்சம் பெரிசு, ஒரு சொல்லும் கதைக்காமல் வந்து அந்த மூண்டாவது ஓட்டைக்கு மேல தன்ர காலை வச்சுது. மிச்சம் இருந்த ஒண்டில தண்ணி என்ர தலைக்கு மேலால போச்சு. ரெண்டும் கூவின கூவல அங்க நிண்ட எல்லாரும் திரும்பிப் பாத்தினம்.

இவர் அப்ப மணிய பாத்துக்கொண்டு, இன்னும் பெரிய பக்கம் போகேல்ல, அலைக் குளத்தில அலை வாற நேரம் முடியப் போகுது, இவன் இந்த ஓட்டையையே பொத்திக்கொண்டிருக்கிறான் எண்டு அந்தரப்பட்டார். நான் விடேல்ல. நீங்க மூத்தவளோட போங்கோ, நான் இவனோட நிக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு அப்பிடியே தண்ணிக்குள்ள குந்தினன். ஒரு பக்கத்த அடைச்சா மற்றப் பக்கம் தண்ணி ஏன் கூட வருது எண்டத பள்ளிக்கூடத்தில கன வருசம் கழிச்சு அமுக்கம் எண்டு படிப்பிப்பினம், இவன் அத இப்பவே உள்ளங்கையில உணர்ந்துகொண்டிருக்கிறான், அதுவும் பேர் தெரியாத ஒரு பிள்ளையோட கூட்டுச் சேந்து. அந்த நேரத்தில அவன இழுத்துக்கொண்டு போய் அழ அழ ஒரு ரைட்டில ஏத்தி படம் எடுக்கிறதுதான் டிக்கட் காசுக்கு பிரயோசனம் எண்டு யாராவது சொன்னா நான் ஒத்துக்கொள்ளவே மாட்டன். வீட்ட வந்து கேட்டா அவன் சொன்னது அந்த ஓட்டைய பற்றி மட்டும்தான்.

2012 இல மலேசியாவில ஜோகூரில லெகோலாண்ட் திறந்த பிறகு சிங்கப்பூர் போற எங்கட சொந்தக்காரர் கன பேர் அங்கயும் போய் வருகினம். அது 2 வயசில இருந்து 12 வயசு வரையான பிள்ளையள நினைச்சு செஞ்ச இடம். அங்க போய் வந்தவையும் இததான் சொல்லுகினம், சின்னதுகள் பெரிய ரைட்ட விட கட்டை அடுக்கிற மேசையில கனநேரம் நிக்குதுகளாம். எந்த நாடு எண்டாலும் பிள்ளை பிள்ளைதான்.

ஆனா பிள்ளைய அவன்ட பாட்டில விடுறது எண்டா கண்ண எடுக்கிறது எண்டு அர்த்தம் இல்ல, இத நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் காணாது. கூட்டுக்குடும்பமா பத்துப் பன்னிரண்டு பேர் போகேக்கதான் பயம் கூட. அம்மா பாக்கிறா எண்டு சித்தி நினைப்பா, சித்தி பாக்கிறா எண்டு மாமா நினைப்பார், அப்பம்மா இருக்கிறாதானே எண்டு எல்லாரும் நினைப்பினம், கடைசியில ஒருத்தரும் பாக்கேல்ல. தண்ணியில மூழ்குற பிள்ளை கையக் காலை அடிச்சு கத்தும் எண்டுதான் நாங்க நினைச்சுக்கொண்டிருக்கிறம். அப்பிடி இல்ல. வாய் தண்ணிக்கு மேலயும் கீழயுமா போய் வரேக்க மூச்செடுக்கவே நேரம் காணாது, கத்த எங்க நேரம்? சத்தமே இல்லாமல் கண் மூடித் திறக்கிறதுக்குள்ள நடந்திடும், முழங்கால் தண்ணியே காணும். உலக சுகாதார அமைப்பு 2024 இல விட்ட அறிக்கையின்ர படி 2021 இல மட்டும் உலகம் முழுக்க 3 லட்சம் பேர் அளவில தண்ணியில மூழ்கிச் செத்திருக்கினம், அதில கிட்டத்தட்ட கால்வாசி 5 வயசுக்கு குறைஞ்ச பிள்ளையள். அத வாசிச்ச நாளில இருந்து நான் தண்ணிப் பக்கம் போனில கை வைக்கிறதில்ல.

அதுக்கு நாங்க வச்சிருக்கிற முறை சிவப்புத் துவாய். வீட்டில இருந்து ஒரு சிவப்புத் துவாய் கொண்டு போவம், அத கழுத்தில போட்டிருக்கிற ஆள்தான் அந்த நேரம் பிள்ளையள பாக்கிற ஆள். அவருக்கு போன் இல்ல, கதை இல்ல, படம் எடுக்கிறது இல்ல, வடை வாங்கப் போறது இல்ல. அரை மணித்தியாலம் ஆனா மற்ற ஆளுக்கு துவாய குடுத்து, "இப்ப நீங்கதான் பாக்கிறீங்க, மூண்டு பேர், அந்தா நிக்கினம்" எண்டு வாய்விட்டுச் சொல்லோணும், அவரும் ஓம் நான் பாக்கிறன் எண்டு சொல்லோணும். சொல்லாமல் குடுத்தா அது குடுத்ததே இல்ல. மச்சான் தொடக்கத்தில இதென்ன பள்ளிக்கூடம் மாதிரி எண்டார், இப்ப அவர்தான் வானில ஏறேக்கயே துவாய் வச்சாச்சா எண்டு கேக்கிற ஆள். சின்னவன் வயசுப் பிள்ளையளுக்கு துவாயும் காணாது, கை எட்டுற தூரத்தில ஒரு ஆள் தண்ணிக்குள்ளயே நிக்கோணும். காத்தடிச்ச டியூப் விளையாட்டுச் சாமான், அத நம்பி பிள்ளைய விட்டிட்டு திரும்பாதீங்கோ.

நீச்சல் உடுப்பு வாங்கேக்க இளநீலம், வெள்ளை நிறம் வாங்காதீங்கோ, தண்ணிக்குள்ள போனா கண்ணுக்குப் பிடிபடாது. செம்மஞ்சள், பளிச்செண்ட பிங்க், கிளிப்பச்சை மாதிரி நிறங்கள்தான் நல்லாத் தெரியும். காலமை வாசலில வச்சு ஒவ்வொரு பிள்ளையையும் அண்டைக்குப் போட்டிருக்கிற உடுப்போட ஒரு படம் எடுத்து வையுங்கோ, துலைஞ்சா அந்தப் படத்த காட்டத்தான். கையில பேனையால போன் நம்பர் எழுதுறம், அதோட மூத்தவளுக்கு நம்பர சிங்களத்திலயும் சொல்லப் பழக்கியிருக்கிறன், அங்க வேலை செய்யிற ஆக்கள் கூடுதலா சிங்களம்தான் கதைக்கிறவை. ஆளுக்கு ஏதும் அவசரம் எண்டா 1990 சுவசெரிய அம்புலன்ஸ், அந்த நம்பரையும் அவளுக்குத் தெரியும்.

கொட்டன் உடுப்போட தண்ணிக்குள்ள இறங்க பெரும்பாலும் விடமாட்டினம், நூல் கழண்டு வடிகட்டியில அடைக்கும். எங்கட அம்மாமார் கன பேர் இதால கரையில இருந்து பாக் காவல் காக்கிறது எனக்கு சரியான கவலை. கை கால் மூடின லைக்ரா உடுப்புகள் இப்ப வெள்ளவத்தையிலயும் புறக்கோட்டையிலயும் தாராளமா இருக்கு, ஒண்டு வாங்கிப் போட்டுக்கொண்டு இறங்குங்கோ அக்காமாரே. அம்மா தண்ணிக்குள்ள நிண்டா பிள்ளையின்ர முகமே வேற.

சாப்பாடு உள்ள கொண்டு போக விடுவினமோ எண்டு முதல் நாள் போன் பண்ணிக் கேளுங்கோ, இடத்துக்கு இடம் வித்தியாசம். விடாட்டியும் நாங்க சோறு பார்சல் கட்டிக்கொண்டு போய் வானுக்குள்ள வச்சு சாப்பிடுறது, பருப்பு, உருளைக்கிழங்கு பிரட்டல், அவிச்ச முட்டை, பிள்ளைக்கு உறைப்பில்லாமல். உடம்பில தண்ணி குறைஞ்சா கரைச்சுக் குடுக்கிற ஜீவனி பைக்கட் ரெண்டு பாக்கில இருக்கட்டும், ஒரு லீட்டர் தண்ணிக்கு ஒரு பைக்கட். வழியில தம்பிலி, அதுதான் செவ்விளநீர், கண்டா நிப்பாட்டுங்கோ.

மாமிய கூட்டிக்கொண்டு போறது கரைச்சல் எண்டு சில பேர் விட்டிட்டுப் போவினம். நாங்க கட்டாயம் கூட்டிக்கொண்டு போறம். அவ நிழலில ஒரு இடம் பிடிச்சு பாய் விரிச்சு இருந்திட்டா அதுதான் எங்கட வீடு, அலுத்த பிள்ளை அங்க வந்து அவவின்ர மடியில படுக்கும், துவாயால தலை துடைச்சு விடுவா, விறைக்குதோடா எண்டு கேட்டுக் கேட்டு பிஸ்கட் தீத்துவா. அவவுக்கு வெயில் படாத இடமும், கழிவறை கிட்டவும் இருந்தா காணும், வேற ஒண்டும் கேக்க மாட்டா. போன முறை மூத்தவள் இழுத்துக்கொண்டு போய் மெரி கோ ரவுண்டில ஏத்திவிட்டாள். இறங்கினவ இன்னொரு தரம் போவமோ எண்டு கேட்டா, ரெண்டு பேரும் திரும்ப ஏறினவை.

வெளிக்கிடுற நேரத்த பிள்ளையிட்ட திடீரெண்டு சொல்லாதீங்கோ. இன்னும் ரெண்டு விளையாட்டு, பிறகு உடுப்பு மாத்துறம் எண்டு சொல்லி, அந்த ரெண்டையும் பிள்ளையே தெரியட்டும். எங்கட சின்னவன் ரெண்டுக்கும் அந்த ஓட்டையத்தான் காட்டினான், சரி போ எண்டு விட்டம். கேட் மூடும் வரைக்கும் நிண்டு காசுக்கு வாங்கோணும் எண்டு நிண்டா அழுகையோடதான் வான் ஏறுவினம், ஹோமாகமவில இருந்து மகரகம வரைக்கும் பின்னேர ட்ரஃபிக்கில அந்த அழுகையோட இருக்கிறது பிள்ளைக்கும் பாவம், சாரதிக்கும் பாவம். நாலு மணிக்கே வெளிக்கிடுங்கோ.

ரெண்டு வயசுக்கும் குறைஞ்ச பிள்ளை எண்டா இவ்வளவு தூரம் போகத் தேவையே இல்ல எண்டது என்ர அபிப்பிராயம். விகாரமகாதேவி பார்க்கில காலமை வெயில் ஏற முதல் புல்லில விடுங்கோ, இல்லாட்டி பத்தரமுல்லயில தியத்த உயன பூங்காவில மீன் பாக்க விடுங்கோ, அந்த வயசுக்கு அது நிறைஞ்ச நாள். மூண்டு நாலு வயசு வந்து, தானா தண்ணிய தேடிப் போகத் தொடங்கினா ஹங்வெல்ல பக்கம் யோசிக்கலாம். டிசம்பர் லீவுக்கு கனடாவில இருந்து பெரிய மச்சாள் ஆக்கள் வருகினம், அவவின்ர கடைசிக்கு மூண்டு வயசு, அதால எல்லாருமா போற நாளுக்கு செவ்வாய்க்கிழமை எண்டு இப்பவே குரூப்பில போட்டிட்டன்.